பாட்டிக்குப் புரையேறிய மூன்று மாதம்: ஒரு பராமரிப்புத் திட்டம் பழசான விதம்

பொங்கலன்று கோயில் தொண்டூழியர்கள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு வாய் சாப்பிட்டதும் பாட்டிக்குப் புரையேறியது. கண்ணில் நீர் முட்ட இருமினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். உச்சந்தலையில் தட்டிக்கொடுத்து, "யாரோ நினைக்கிறாங்க பாட்டி, பேரனாத்தான் இருக்கும்" என்றேன். பாட்டி சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஏப்ரல் மாதம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை, ஒவ்வொரு இருமலுக்கும் எங்களிடம் அந்த விளக்கம் தயாராக இருந்தது.

சிங்கப்பூரின் வட பகுதியில் உள்ள ஒரு தாதிமை இல்லத்தில் நான் பதிவுபெற்ற தாதி. இந்த நிகழ்வை எங்கள் குழுக் கூட்டத்தில் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அது போதவில்லை என்று இன்றுவரை மனம் அடித்துக்கொள்கிறது. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். பாட்டியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தவறுகளை மாற்றவில்லை.

டிசம்பரில் இருந்த பாட்டி

வயது 81. கணவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியதும் அந்தக் குவாட்டர்ஸ் வாழ்க்கை முடிந்து, பிறகு ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆரம்பநிலை முதுமை மறதிநோய். ஒரே மகள் பள்ளி உணவகம் ஒன்றில் கடை வைத்திருக்கிறார். புதன் மாலையும் ஞாயிறும் வருவார்.

சேரும்போது செய்த குடியிருப்பாளர் மதிப்பீட்டில் அவர் மூன்றாம் பிரிவு. மொத்தம் நான்கு பிரிவுகள். நான்காவதில் வருபவர்களுக்குத்தான் உதவி மிக அதிகம் தேவைப்படும். டிசம்பர் முதல் வாரம் அவருடைய திட்டத்தை மறுபரிசீலனை செய்தோம். எங்கள் இல்லத்தில் அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அடுத்தது ஜூனில். டிசம்பர் திட்டம் சொன்னது இது: சக்கர நாற்காலியில் உட்காருவார், கட்டிலிலிருந்து மாற்ற ஒருவர் உதவி. மென்மையான சைவ உணவு, சிறு துண்டுகளாக. சாதாரணத் தண்ணீர். வலது கையால் தானே சாப்பிடுவார். மாத்திரைகளைத் தண்ணீரோடு முழுதாக விழுங்குவார். படுக்கைப்புண் அபாயத்துக்கான பிரேடன் புள்ளி 17 (புள்ளி குறையக் குறைய அபாயம் அதிகம்). எடை 50.4 கிலோ. வெள்ளிக்கிழமை விரதம், அன்று மாலைவரை பாலும் பழமும் மட்டும்.

அந்தக் கடைசி வரியில் எனக்குத் தனிப் பெருமை. பல இன மக்கள் இருக்கும் இல்லத்தில் ஒரு தமிழ்ப் பாட்டியின் விரதத்தை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறோமே என்று.

டிசம்பரில் அது நல்ல திட்டம்தான். இன்னொரு முறை படித்துப் பார்த்தாலும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்று மாதம், துண்டு துண்டாக

ஜனவரி கடைசியில் எடை 48.9. பிப்ரவரி கடைசியில் 47.1. மார்ச் கடைசியில் 45.3. மாதாந்தர எடைப் பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய மாதத்தோடு மட்டும் ஒப்பிடுவது எங்கள் வழக்கம். ஒரே மாதத்தில் 5 விழுக்காட்டுக்குமேல் குறைந்தால் சிவப்பு மையில் வட்டம். பாட்டிக்கு முதல் மாதம் 3 விழுக்காடு, அடுத்த மாதம் 3.7, அதற்கடுத்தது 3.8. ஒருமுறைகூட வட்டம் விழவில்லை. டிசம்பரோடு சேர்த்துப் பார்த்திருந்தால் 10 விழுக்காடு போயிருந்தது. அமெரிக்கத் தாதிமை இல்லங்களில் மாதத்துக்கு 5, மூன்று மாதத்துக்கு 7.5, ஆறு மாதத்துக்கு 10 விழுக்காடு என்று மூன்று அளவுகோல்களையும் சேர்த்தே பார்ப்பார்கள். நாங்கள் முதல் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம். மெல்ல வடிகிற எடையை மாதக் கணக்கு பிடிக்காது.

எடை குறைந்ததால் பல்செட் தளர்ந்தது. தளர்ந்ததால் மென்று சாப்பிட முடியவில்லை. அதைப் பார்த்த காலைப் பணி உதவியாளர் ஒருவர் சாதத்தைக் குழைத்து, ரசத்தை நிறைய ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். பார்த்தால் பரிவு. ஆனால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு ரசஞ்சாதம் மாதிரி ஆபத்தான உணவு குறைவு. பருக்கையும் நீரும் கலந்திருக்கும். பருக்கையை வாய் மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தொண்டைக்குள் இறங்கி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். பாட்டிக்கு இன்னும் அதிகம் புரையேறியது. "பேரன் இன்னிக்கு ரொம்ப நினைக்கிறான்" என்று நாங்கள் சொன்னோம்.

மாத்திரைகளும் அப்படியே. பிப்ரவரி நடுவில் மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்றார் பாட்டி. இரவுப் பணித் தாதி ஒருவர் அவற்றைப் பொடித்து வாழைப்பழத்தில் குழைத்துக் கொடுத்தார். அதில் சர்க்கரைக்கான கிளிக்லசைடு மாத்திரையும் இருந்தது. அது மெதுவாகக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும் வகை. அதைப் பொடிக்கவே கூடாது. பொடித்தால் மருந்து அவசரமாக இரத்தத்தில் கலந்துவிடும். சாப்பாடோ குறைந்துகொண்டே வந்தது. மார்ச் மாதம் இரண்டு காலைகளில் பாட்டி அசந்து கிடந்தார். இரத்தச் சர்க்கரை ஒருமுறை லிட்டருக்கு 3.6, இன்னொருமுறை 3.1 மில்லிமோல். 4க்குக் கீழ் போனாலே தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் நீர் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்துப் பார்த்தோம், ஏறியிருந்தது. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி, கவனிக்கச் சொன்னார் என்று எழுதினோம். இரண்டு முறையும் விதிப்படி எல்லாம் செய்து மூடினோம். பாட்டி ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்க மறந்தோம்.

கேட்காததற்கு ஒரு காரணம் திட்டத்திலேயே இருந்தது. அதுதான் விரதம். வெள்ளியோடு பிப்ரவரியில் செவ்வாயும் சேர்ந்தது. மார்ச்சில் சஷ்டி, கிருத்திகை, அமாவாசை என்று வாரத்தில் மூன்று நாள் "இன்னிக்கு விரதம் மிஸ்ஸி" என்பார். நான் தலையாட்டிவிட்டு, அவருடைய நம்பிக்கைக்கு மதிப்பளித்ததாகக் குறிப்பெழுதினேன். அவர் விரதம் இருந்த நாள்களிலும் சர்க்கரை மாத்திரை போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையில் மியன்மாரைச் சேர்ந்த தாதிமை உதவியாளர் ஒருவர், பிப்ரவரி மாதமே பணிமாற்றக் குறிப்புப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: பாட்டி ஒவ்வொரு வேளையும் சாப்பிடும்போது இருமுகிறார், சாப்பிட்டபின் குரல் ஈரமாக இருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்ற வழக்கும் தெரியாது. அதனால் இருமலை இருமலாகவே பார்த்தார். சாப்பிட்டபின் வரும் ஈரக்குரல் விழுங்கல் பழுதின் முக்கியமான அடையாளம். தொண்டையில் தேங்கிய நீர் குரல்நாண்மேல் நிற்பதால் வருவது. அந்தப் பெண் அதைச் சரியாகக் கேட்டு, சரியாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கையொப்பமிட்டவள் நான். அடுத்த நாள் அவரிடம், எங்கள் ஊர் வழக்கத்தில் இது சாதாரணம் என்று விளக்கமும் சொன்னேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாட்டியின் மொழி தெரிந்தவள் என்பதால்தான் என்னை அந்த வார்டில் போட்டிருந்தார்கள்.

ஏப்ரல்

ஏப்ரல் இரண்டாம் வாரம் பாட்டி இரண்டு நாள் அமைதியாக இருந்தார். குறிப்பில் "அமைதியாக ஓய்வெடுக்கிறார்" என்றே இருக்கிறது. முதியவர்களுக்குத் திடீரென வரும் குழப்பநிலையில் கத்துவோர் கண்ணில் படுவார்கள், அடங்கிப்போகிறவர்கள் தப்பிவிடுவார்கள். காய்ச்சல் இல்லை. ஆனால் மூச்சு நிமிடத்துக்கு 28. முதியவர்களின் நிமோனியாவில் காய்ச்சல் வராமலே போகலாம், மூச்சு வேகம் முந்திக்கொள்ளும். எண்ணிப் பார்த்தவர் அதே மியன்மார் உதவியாளர். ஆக்சிஜன் அளவு 89 விழுக்காடு. மருத்துவமனைக்கு அனுப்பினோம். உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போனதால் வந்த நிமோனியா என்றார்கள். தமிழ்ப் புத்தாண்டு அங்கேயே கழிந்தது. ஒன்பது நாள் இருந்தார்.

திரும்பி வந்தது ஒரு வியாழன், மாலை நான்கு மணிக்கு. மருத்துவமனைக் கடிதம் தெளிவாக இருந்தது: உணவு, ஐடிடிஎஸ்ஐ அளவில் (விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவும் நீரும் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கான சர்வதேச அளவுகோல்) நான்காம் நிலை, அதாவது கட்டியில்லாத மசியல். நீர், இரண்டாம் நிலைத் தடிமன், அதாவது லேசாகத் தடிப்பாக்கியது. கிளிக்லசைடு நிறுத்தம். ஆனால் எங்கள் சமையலறைக்கு இரவு உணவுப் பட்டியல் மூன்று மணிக்கே போய்விடும். அன்றிரவு வந்த தட்டில் மென்சாதமும் சாம்பாரும். கட்டிலின் தலைமாட்டு அட்டையிலும் பழைய உணவே. கணினித் திட்டத்தைத் திருத்த என்னிடம் வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து "இது சரியா?" என்று கேட்டவரும் அந்த மியன்மார் உதவியாளர்தான்.

மகள் சொன்னது

திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம். இல்ல மருத்துவர், தாதியர் மேலாளர், பேச்சு சிகிச்சையாளர், சமையலறைப் பொறுப்பாளர், மகள், நான். மகள் கோபப்படவில்லை. அதுவே தாங்கமுடியாமல் இருந்தது.

"மாசி மாசத்துலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட சொல்லிட்டுப் போவேன். வீட்லேர்ந்து இட்லி கொண்டாந்தா அம்மா வாயில வச்சிக்கிட்டே இருக்காங்க, முழுங்கல."

"அக்கா, செவ்வாய்க்கிழமை விரதம்..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா செவ்வாய்க்கிழமை விரதமே இருந்ததில்ல சிஸ்டர்."

அறை அமைதியானது. பிறகு பாட்டியிடமே போய்க் கேட்டேன், தனியாக, கையைப் பிடித்துக்கொண்டு. வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருமினா எல்லாரும் பாக்குறாங்க. அந்தச் சீனத்திக்குப் போட்ட மாதிரி மூக்குல குழாய் போட்டுருவீங்கன்னு பயம் மிஸ்ஸி. விரதம்னா ஒண்ணும் கேக்கமாட்டீங்கல்ல?" என்றார்.

எதிர்க் கட்டில் பாட்டிக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இவர் விரதத்துக்குள் ஒளிந்திருக்கிறார். நாங்கள் பெருமையோடு எழுதிவைத்த வரியே அவருக்குக் கதவாகிவிட்டது.

எங்கே நழுவியது

கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, ஆறு மாத மறுபரிசீலனையை மூன்று மாதம் ஆக்கலாம் என்பது. நான் எதிர்த்தேன். டிசம்பரிலிருந்து மூன்று மாதம் என்றால் மார்ச். அதற்குள் எடை மூன்று கிலோவுக்குமேல் போய்விட்டது, மாத்திரை பொடிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்பு நாள்காட்டி பார்த்து மாறுவதில்லை. 2015ல் இங்கே நடைமுறைக்கு வந்த மேம்படுத்தப்பட்ட தாதிமை இல்லத் தரநிலைகளும் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கின்றன. அமெரிக்காவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீட்டைத் திரும்பச் செய்யவேண்டும் என்றே விதி. விதிகள் எந்த நாட்டிலும் மோசமில்லை. மாற்றம் நடந்துவிட்டது என்று யார் அறிவிப்பது என்பதில்தான் நாங்கள் தடுக்கினோம்.

குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது எனக்குப் புலப்பட்டது இது. பாட்டிக்கு அந்த மூன்று மாதமும் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று கணினியில். இன்னொன்று ஊழியர்களின் கையில். கையில் இருந்தது ஜனவரியிலிருந்தே மாறிக்கொண்டு வந்தது: சாதம் குழைந்தது, ரசம் கூடியது, மாத்திரை பொடியானது, தானே சாப்பிட்டவருக்கு ஊட்டிவிட ஆரம்பித்தோம், கட்டிலிலிருந்து மாற்ற இரண்டு பேர் போனோம். ஐந்து மாற்றங்கள். ஐந்தும் அன்பில் செய்தவை. ஒன்றையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஐந்தையும் ஒரே பக்கத்தில் பார்த்த எந்தத் தாதியும் துள்ளி எழுந்திருப்பார்.

அதனால் எங்கள் முதல் விதி இப்படி அமைந்தது: திட்டத்தில் உள்ளதற்கு மாறாக ஒன்றை இரண்டாவது முறை செய்கிறீர்கள் என்றால், திட்டம் பழசாகிவிட்டது. சீட்டு எழுதுங்கள்.

சீட்டு உள்ளங்கை அளவு. யாரும் எழுதலாம்: உதவியாளர், துப்புரவு செய்யும் அண்ணன், தட்டைக் கழுவும் அக்கா, மகன், மகள். எந்த மொழியிலும் எழுதலாம், வாயால் சொன்னாலும் போதும், கேட்டவர் எழுதுவார். 24 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற தாதி ஒருவர் அந்த முதியவரை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். 72 மணி நேரத்துக்குள் திட்டத்தை மாற்றவேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்று காரணத்தோடு எழுதவேண்டும். மாற்றினால் நான்கு இடங்களிலும் ஒரே ஆள் மாற்றிக் கையொப்பமிடவேண்டும்: கணினி, தலைமாட்டு அட்டை, சமையலறைப் பட்டியல், மருந்துத் தாள். பழைய அட்டையைக் கிழித்துப் போடவேண்டும். மருத்துவமனையிலிருந்து வருபவருக்கு 72 மணி நேரம் கிடையாது; முதல் வாய் உணவுக்கு முன் நான்கும் மாறியிருக்கவேண்டும்.

முதல் இரண்டு வாரம் சீட்டுகள் குவிந்தன. போர்வை மாற்றச் சொல்லிக்கூட வந்தது. மேலாளர் அலுத்துக்கொண்டார், நானும்தான். பொறுத்தோம். மூன்றாம் வாரம், ஒரு மலாய்த் தாத்தா செருப்பை மாற்றி மாற்றிப் போடுகிறார் என்று துப்புரவுப் பணியாளர் எழுதிய சீட்டு வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. அதன்பிறகு யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொருவரின் திட்டத்திலும் முதல் பக்கத்தில் அவர் சொந்த வாய்மொழி. பாட்டிக்கு: "இறங்கமாட்டேங்குது", "நெஞ்சுல நிக்குது", "கிறுகிறுன்னு வருது", "விரதம்". ஒவ்வொன்றுக்கும் எதிரே, இப்படிச் சொன்னால் எதைப் பார்க்கவேண்டும் என்று. விரதத்துக்கு எதிரே: வெள்ளி தவிர வேறு நாளில் சொன்னால் விழுங்குகிறாரா என்று பாருங்கள், சர்க்கரை அளவு பாருங்கள், மகளிடம் கேளுங்கள். ஹொக்கியன், மலாய் பேசுபவர்களுக்கும் அப்படியே.

ரசம்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது ரசம்தான். மசியல் உணவு வந்த முதல் வாரம் பாட்டி வாயை மூடிக்கொண்டார். ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று மூன்று குவியல். "இது என்ன சோறா, சாயமா?" என்றார்.

பேச்சு சிகிச்சையாளரும் சமையல்காரரும் நானும் ஒரு மதியம் சமையலறையில் நின்றோம். இட்லியை மசித்தால் பசையாகிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. கரண்டியைச் சாய்த்தால் முழுசாக நழுவி விழவேண்டும், ஒட்டக்கூடாது, அதுதான் சோதனை. சாதமும் அப்படியே. தயிர் சேர்த்து அரைத்ததில் தயிர்சாதம் தேறியது. சாம்பாரில் பருப்பும் காயும் சேர்த்து அரைத்து வடிகட்டினோம். ரசத்தில் கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, மிளகுத் தோல் எல்லாவற்றையும் வடித்து, சாந்தன் பசைத் தடிப்பாக்கியைக் கலந்தோம். மாவுச்சத்துத் தடிப்பாக்கி எச்சில் பட்டதும் நீர்த்துப்போகும், இது நிற்கும். 10 மில்லி ஊசிக்குழலில் ஊற்றி 10 விநாடி விட்டு, மிச்சம் 4க்கும் 8 மில்லிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. புளிப்பும் மிளகும் குறையாமல் இருக்கவேண்டும் என்று சமையல்காரர் மூன்று முறை திரும்பச் செய்தார்.

பாட்டி முதல் தேக்கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்கினார். "கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு. ஆனா ரசம்தான்" என்றார்.

ஜூனில் எடை 46.0. அதற்குமேல் ஏறவில்லை. பிரேடன் புள்ளி 13க்கு இறங்கியிருந்ததால் மெத்தையை மாற்றினோம், இரண்டு மணிக்கொரு முறை புரட்டினோம். பிரிவும் நான்காவதாயிற்று. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்வது திட்டத்தில் ஏறியது. வாயில் கிருமி குறைந்தால் நுரையீரலுக்குப் போவதும் குறையும். பல்செட்டை மாற்றிப் பொருத்தினோம். மகள் இருக்கும்போது, பாட்டிக்குத் தெளிவிருந்த இரண்டு காலைகளில், முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றி, அதாவது இனி எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே சொல்லிவைப்பது பற்றிப் பேசினோம். மூக்குக் குழாய் வேண்டாம் என்றார். இரண்டு நாளும் ஒரே பதில். மகள் அழுதார், ஆனால் மறுக்கவில்லை. இன்னும் சிரமம் கூடினாலும், ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே, வாய் வழியாக அவர் விரும்பும் அளவு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. மருத்துவரும் கையொப்பமிட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பாட்டியின் திட்டம் ஏழு முறை மாறியது. அதில் நான்கு மாற்றங்கள் அந்த மியன்மார் உதவியாளரின் சீட்டுகளால் வந்தவை. ஒரு சீட்டில் ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தார். பாட்டியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாராம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. "பாட்டி, மதியம், இரண்டு தரம், புரை." 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளாமல் உடனே எழுந்து போனேன்.